கல்லுக்குக் கூடிய எண்பது லட்சம் வயது

சீவல்காரருக்கு வந்த விளக்கம் கேட்கும் கடிதத்தில் கேள்வி ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"அ-47 என்ற எண்ணுள்ள கல், தங்கள் பொறுப்பில் இருந்த ஏழு மாதங்களில் எண்பது லட்சம் ஆண்டுகள் வயது கூடியது எவ்வாறு என்பதை மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவும். தவறினால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும்."

அவர் அதை இரண்டு முறை படித்தார். இருபத்தாறு வருடங்களாக அந்த ஆய்வு நிறுவனத்தில் அவருக்கு ஒரே வேலை. கல்லை வெட்டி, தேய்த்து, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பவர்களிடம் கொடுப்பது. அதனால் வந்த பட்டப்பெயர்தான் சீவல்காரர். அவர் கைபட்ட கற்களுக்குத் தடிமன் குறைந்திருக்கிறதே தவிர, வயது கூடிவிட்டதாக இதுவரை யாரும் புகார் சொன்னதில்லை.

நிறுவனத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஊருக்கு வெளியே ஒரு மலை இருக்கிறது. உண்மையில் அது மலை அல்ல. பழைய கடலின் தரை. பூமியின் ஓடு பல தட்டுகளாக உடைந்து கிடக்கிறது. ஒருகாலத்தில் ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் புகுந்து அமிழ ஆரம்பித்தது. மேலே இருந்த தட்டின் ஓரம், கடல்தரையும் அதற்குக் கீழே இருந்த பச்சைப் பாறையுமாகச் சேர்ந்து, நிலத்தின் மேல் ஏறிக்கொண்டது. இப்படி ஏறிக் கிடப்பதற்கு ஓபியோலைட் என்று பெயர். அமிழ்வு எங்கே, எப்படித் தொடங்கியது என்பதை இதில்தான் படிக்க முடியும். அதைப் படிப்பதற்காகத்தான் நிறுவனம். ஆனால் நிறுவனம் தொடங்கி நான்காம் ஆண்டே இயக்குநர் அதைப் படித்து முடித்துவிட்டார். மீதி ஆண்டுகள் அதைக் கொண்டாடுவதில் கழிந்தன.

முகப்பு வளைவில் பித்தளை எழுத்துகளில் பொறித்திருந்தது: "ஒன்பது கோடியே இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முன், இவ்விடத்தில், தானாகவே தொடங்கியது." வளைவு கட்டி ஆறு வருடமாகிவிட்டதால் எண்ணில் ஆறைக் கூட்ட வேண்டாமா என்று ஒரு எழுத்தர் குறிப்பு எழுதி அனுப்பியிருந்தார். அந்தக் கோப்பு இன்னும் பரிசீலனையில் இருந்தது. எழுத்தர்தான் இல்லை.

சின்ன டாக்டர் வேலைக்குச் சேர்ந்து பத்து மாதம்தான் ஆகியிருந்தது. பெரிய டாக்டர் பட்டங்கள் நிறைந்த கட்டடத்தில் வயதில் இளையவள் என்பதால் அந்தப் பெயர். தகுதிகாண் காலம் முடியாததால் அவளுக்கு நாற்காலி உண்டு, மேசை கிடையாது. மேசை இல்லாததால் அவள் நேராக மலைக்குப் போய்விட்டாள். கூடவே சீவல்காரரையும் அழைத்துப்போனாள்.

ஓடைப் பள்ளத்தின் அடியில், பச்சைப் பாறைக்குக் கீழே, கறுத்து இறுகிப்போன ஒரு மெல்லிய அடுக்கு இருந்தது. அதில் செம்மணிகள் தெரிந்தன. கார்னெட் என்றாள். அவளுக்கு மணிக்கட்டு பிசகியிருந்ததால் சுத்தியலை வாங்கி அவர்தான் உடைத்தார். ஈரத்தோடு ஈரமாக வெள்ளைப் பெயிண்டில் அ-47 என்று எழுதியதும் அவர்தான்.

"இதுல என்ன இருக்கு டாக்டரம்மா, இவ்வளவு தூரம் இறங்கி வந்து எடுக்கிற அளவுக்கு?"

"அண்ணா, சூடான இஸ்திரிப் பெட்டிய துணிமேல வச்சு அழுத்தினா என்ன ஆகும்?"

"கருகி அடியில ஒட்டிக்கும். எங்க வீட்டுல ரெண்டு சட்டை போயிருக்கு."

"அதேதான். மேல இருக்கிற தட்டு சூடா இருந்துச்சு. கீழ புகுந்த தட்டோட மேல்தோல் கருகி இதோட அடியில ஒட்டிக்கிச்சு. இந்தச் செம்மணி அப்ப வளர்ந்தது. இதோட வயசு தெரிஞ்சா, முதல்ல எப்ப அழுத்துச்சுன்னு தெரிஞ்சிடும்."

"அது தெரிஞ்சு?"

"மேல இருக்கிற கடல்தரைக்கு ஒன்பது கோடியே இருபது லட்சம். கருகினதுக்கும் அதே வயசு வந்தா, கீழ இருந்த தட்டு தன் கனத்துலயே திடீர்னு அமிழ்ந்திருக்கு, அந்த நேரத்துலயே மேல விரிசல் விட்டுப் புதுத்தரை உண்டாயிருக்குன்னு சொல்லலாம். இயக்குநர் சொல்றது அதுதான். கருகினது ரொம்ப முன்னாடின்னா கதை வேற. எங்கிருந்தோ யாரோ தள்ளியிருக்காங்க. மெதுவா, வலுக்கட்டாயமா உள்ள போயிருக்கு. தரை விரிஞ்சதெல்லாம் அப்புறம்."

முடிவு ஏழு மாதம் கழித்து வெளிநாட்டு ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. பத்து கோடி. சின்ன டாக்டர் அதை இயக்குநர் மேசையில் வைத்தாள். மறுநாள் அவளுடைய நாற்காலியையும் எடுத்துவிட்டார்கள். அன்று பிற்பகல் சீவல்காரருக்குக் கடிதம் வந்தது.

வீட்டில் அவர் மனைவி கடிதத்தைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். அங்கே சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது: ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாகும் பணியாளர், நிறுவனக் குடியிருப்பைப் பதினைந்து நாட்களில் காலி செய்ய வேண்டும்.

"ஏங்க, பொண்ணுக்கு அடுத்த மாசம் பரீட்சை. மூட்டை முடிச்சத் தூக்கிக்கிட்டு எங்க போறது?"

"நான் ஒண்ணும் பண்ணலையே."

"பண்ணாதவங்களுக்குத்தான் கடிதாசி வரும். பண்றவங்கதானே அனுப்புறாங்க."

அவர் இரவெல்லாம் யோசித்து விடியற்காலையில் பதில் எழுதினார். "அ-47 கல் என்னிடம் வரும்போதே அந்த வயதில்தான் இருந்தது என்று நினைக்கிறேன். வரும்போது வயதைச் சரிபார்த்து வாங்கும் நடைமுறை நம்மிடம் இல்லை." நிர்வாக அதிகாரி அதைப் படித்துவிட்டு, கற்களை வயது சரிபார்த்து வாங்காத குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டதாகச் சிவப்பு மையில் குறித்தார்.

பிறகு விசாரணை. ஐந்து பேர் கொண்ட குழு. தலைமை தாங்கியவர் நிர்வாக அதிகாரி. நடுவில் இயக்குநர், பார்வையாளராக மட்டும். அந்த அறையில் குளிர்சாதனம் உச்சத்தில் ஓடியது. சீவல்காரருக்கு நாற்காலி தரவில்லை. கைகளைக் கட்டினால் திமிர் என்பார்களோ, தொங்கவிட்டால் அலட்சியம் என்பார்களோ என்று தெரியாமல், கடைசியில் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இந்தக் கல்லை உங்களுக்கு முன்பே தெரியுமா?" என்றார் நிர்வாக அதிகாரி.

"போன வருஷக் கடைசியிலதான் சார் பழக்கம்."

"கிண்டலா?"

"இல்லங்க சார். கேட்டதுக்குச் சொன்னேன்."

"அதை வேறு கல்லோடு மாற்றி வைத்துவிட்டீர்கள். அப்படித்தானே?"

"இல்லங்க சார்."

"மாற்றி வைக்கவில்லை என்பதற்குக் கல்லைத் தவிர வேறு சாட்சி உண்டா?"

மேசைமேல் ஒரு தட்டச்சுக் காகிதத்தை நகர்த்தினார்கள். "நான் தானாக முன்வந்து, யாருடைய வற்புறுத்தலும் இன்றி, கற்களை மாற்றி வைத்துவிட்டேன் என ஒப்புக்கொள்கிறேன். இளநிலை ஆய்வாளரின் அலட்சியமே இதற்குக் காரணம்." கீழே அவர் பெயர். பேனா மூடி திறந்தே இருந்தது.

அப்போது பார்வையாளர் பேசினார். இயக்குநரின் குரல் எப்போதும் மென்மையானது. "நான் உண்மைக்கு எதிரி இல்லை. உண்மை உரிய வழியில் வர வேண்டும் என்றுதான் சொல்கிறேன். இந்த நிறுவனத்தில் ஆராய்ச்சி சுதந்திரம் முழுமையாக இருக்கிறது. யாரும் எதையும் ஆராயலாம். முடிவுகள் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டதால் அவர்களுக்கு அந்தச் சிரமமும் இல்லை. இந்தச் சலுகையை ஒரு பெண் தவறாகப் பயன்படுத்திவிட்டாள். நீங்கள் கையெழுத்துப் போட்டால் உங்கள் வீடு உங்களுக்கு. அவள் போய்விடுவாள். எல்லாம் பழையபடி இருக்கும்."

சீவல்காரரின் கண்முன் வீடு, மகளின் புத்தக அலமாரி, மனைவியின் முகம் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நின்றன. பேனாவைக்கூட எடுத்துவிட்டார். அப்புறம் எங்கிருந்து அந்த வார்த்தை வந்ததென்று அவருக்கே தெரியாது.

"சார், அந்த இடத்துலயே போய் இன்னொரு கல்லு எடுத்துப் பார்த்துடலாமே?"

குழுவில் ஒருவர், இதுவரை வாயே திறக்காதவர், "நடைமுறையில் அதற்குத் தடை இல்லை" என்றார். உடனே தான் பேசியதற்காக வருத்தப்பட்டவர்போல் காகிதத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

இயக்குநர் சிரித்தார். தன் கொள்கையை அவர் மனதார நம்பினார். அதுதான் அவரிடம் இருந்த ஒரே கள்ளமில்லாத குணம். "எடுக்கலாமே. அதையும் ஒரு விழாவாகவே நடத்திவிடலாம்."

அடுத்த வியாழக்கிழமை நான்கு வண்டிகளில் மலைக்குப் போனார்கள். ஷாமியானா, ஒலிபெருக்கி, புகைப்படக்காரர், ரிப்பன். பள்ளத்தின் மேல்விளிம்பில், வண்டி நிறுத்தத்துக்குப் பத்தடி தள்ளி, ஒரு பாறையில் அ-47 என்று புதுப் பெயிண்டில் எழுதியிருந்தது. பெயிண்ட் இன்னும் காயவில்லை. நிர்வாக அதிகாரியின் கட்டைவிரலிலும் கொஞ்சம் இருந்தது.

"இதுதானே இடம்?" என்று ஒலிபெருக்கியிலேயே கேட்டார் அவர்.

அத்தனை தலைகளும் சீவல்காரர் பக்கம் திரும்பின. சின்ன டாக்டர் கூட்டத்தின் கடைசியில் நின்றாள். அவள் கெஞ்சவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள். 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை. தலையாட்டினால்கூடப் போதும். இது மேல்தரைப் பாறை. வயது பித்தளை எழுத்தில் உள்ளபடியே வரும். மாலைக்குள் வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாம் முடிந்தது என்று சொல்லிவிடலாம்.

"இது இல்லங்க சார்," என்றார். அதிகாரி நீட்டிய ஒலிபெருக்கி அதைப் பள்ளம் முழுக்க எதிரொலிக்கச் செய்தது. "அந்த இடம் கீழ இருக்கு. எண்பதடி."

"அங்கே நாற்காலி போட முடியாது," என்றார் நிர்வாக அதிகாரி பல்லைக் கடித்துக்கொண்டு.

இயக்குநர் முகம் சிவந்தது. புகைப்படக்காரர் கேமராவை இறக்கலாமா வேண்டாமா என்று தவித்தார். சீவல்காரர் இயக்குநருக்கு அருகில் போனார்.

"சார், அந்தம்மா உடைச்சா அவங்க கல்லு. நான் உடைச்சா என் கல்லுன்னு பேசுவாங்க. நீங்களே உங்க கையால உடைச்சா அது நிறுவனத்தோட கல்லு. அப்புறம் ஒருத்தன் வாயத் திறக்க முடியாது."

இயக்குநர் பள்ளத்தைப் பார்த்தார். பிறகு கேமராவைப் பார்த்தார். "கயிறு கொண்டு வாங்க," என்றார்.

இயக்குநரின் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி சீவல்காரரும் கூடவே இறங்கினார். பாதிவழியில் பச்சைப் பாறை வருகிறது. பாம்புத்தோல்போல் மினுமினுக்கும், சோப்புக்கட்டிபோல் வழுக்கும். அங்கே இயக்குநரின் தோல் செருப்பு விட்டுக்கொடுத்துவிட்டது. ஒரு சத்தமும் இல்லாமல் அவர் உட்கார்ந்த நிலையிலேயே கீழே சரிந்தார். கயிறு சீவல்காரரின் உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடியது. அவர் ஒரு பாறை வெடிப்பில் காலை ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, பல்லைக் கடித்துப் பிடித்தார். மேலே யாரோ அலறினார்கள். நிர்வாக அதிகாரி, இது பணிநேர விபத்தில் சேருமா என்று யாரிடமோ கேட்டது தெளிவாகக் கேட்டது. கயிறு நின்றது. இயக்குநரின் கால்களுக்குக் கீழே முப்பதடிக்கு வெறும் காற்று. சின்ன டாக்டர் மறுபக்கமாக ஓடி இறங்கி அவர் சட்டைக் காலரைப் பிடித்தாள். இருவருமாக இழுத்து, நடத்தி, அடி அடியாகக் கீழே கொண்டுவந்து கறுத்த அடுக்கின்மேல் உட்கார வைத்தார்கள். மூவருக்கும் மூச்சு வாங்கியது.

"இதுவா?" என்றார் இயக்குநர் கடைசியில், தான் உட்கார்ந்திருப்பதைத் தொட்டு.

"இதேதான் சார்."

அவரே சுத்தியலை வாங்கி உடைத்தார். பன்னிரண்டு புகைப்படங்கள் எடுக்கப்பட்டன. கல்லுக்கு இ-1 என்று எண் தரப்பட்டது, இயக்குநரின் இ.

அந்தக் கல்லை மூன்று நாடுகளின் ஆய்வுக்கூடங்களுக்குத் துண்டு துண்டாக அனுப்பினார்கள். அதுவரை நிறுவனத்தால் விசாரணையை முடிக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை; சீவல்காரர் குடும்பம் கட்டிய மூட்டையை அவிழ்க்காமல் ஐந்து மாதம் காத்திருந்தது. மகள் மூட்டைமேல் உட்கார்ந்தே படித்துப் பரீட்சை எழுதினாள். மூன்று முடிவுகளும் ஒரே வாரத்தில் வந்தன. பத்து கோடி. பத்து கோடி. பத்து கோடியே ஒரு லட்சம்.

நிறுவனம் இரண்டு நாள் மௌனமாக இருந்தது. மூன்றாம் நாள் கூட்டம்.

"அமிழ்வு தானாகத் தொடங்கியது என்று நான் சொன்னதாகச் சிலர் நினைக்கிறார்கள்," என்று இயக்குநர் மென்மையாகத் தொடங்கினார். "என் நூலின் மூன்று பதிப்புகளிலும் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. ஆனால் அச்சில் இருப்பதை வைத்து ஒருவருடைய கருத்தை முடிவு செய்யக் கூடாது. உயிரைப் பணயம் வைத்துப் பள்ளத்தில் இறங்கி, இது வெளியிலிருந்து தள்ளப்பட்டே தொடங்கியது என்பதை நானே கண்டுபிடித்திருக்கிறேன். என்னை மறுக்க என்னைத் தவிர வேறு ஆள் இல்லாததால் அதையும் நானே செய்ய வேண்டியதாயிற்று."

கைதட்டல் ஓய நேரமாயிற்று. ஒருவருக்கொருவர் முந்திக்கொண்டு தட்டியதால் யாராலும் நிறுத்த முடியவில்லை.

அன்று மாலை சின்ன டாக்டர் வெட்டும் அறைக்கு வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. "வேலைய காப்பாத்திக் குடுத்தீங்க அண்ணா. கல்ல தூக்கி அவர் கையில குடுத்துட்டீங்க."

"எனக்கு அப்ப வேற வழி தெரியலம்மா."

"தெரியும். அதான் கோவப்படவும் முடியல."

மறுநாளே நிர்வாக அதிகாரி அழைத்தார். இப்போது நாற்காலி தந்தார்கள். ஒரு காகிதமும். "இ-1 கல்லுக்கு முன்னர் அவ்விடத்திலிருந்து யாரும் எக்கல்லும் எடுக்கவில்லை எனத் தானாக முன்வந்து உறுதி கூறுகிறேன்."

"சின்ன விஷயம்தான்," என்றார் அதிகாரி. "கண்டுபிடிப்பதற்கு ஓராண்டுக்கு முன்பே ஒரு கல் கிடங்கில் இருந்தால் கோப்பு அழகாக இருக்காது. கையெழுத்துப் போட்டுவிட்டு மூட்டையை அவிழ்த்துக்கொள்ளுங்கள்."

சீவல்காரர் உள்ளங்கையைப் பார்த்தார். கயிறு உரித்த இடத்தில் புதுத்தோல் இளஞ்சிவப்பாக வளர்ந்திருந்தது. காகிதத்தைத் திருப்பிப்போட்டார். பின்பக்கம் காலியாக இருந்தது. அதில் நிதானமாக, தேதி, நேரம், அன்று பெய்த தூறல், யார் இடத்தைக் காட்டியது, யார் உடைத்தது, எந்தப் பெயிண்டில் எண் எழுதியது, யார் அதை வயது கணிக்க அனுப்பியது என்று பதினான்கு வரி எழுதினார். பிறகு கையெழுத்துப் போட்டார். அதிகாரி முன்பக்கத்தைப் பார்த்தார். கையெழுத்து அங்கே இல்லை. பின்பக்கத்தைப் பார்த்தார். படித்துக்கொண்டே எழுந்து நின்றுவிட்டார்.

"இதன் விளைவு தெரியுமா?"

"பதினஞ்சு நாள் சார். மூட்டை ரெடியா இருக்கு."

அன்றே அவரைப் பம்ப் அறைக்கு மாற்றினார்கள். வீட்டுக் கதவில் காலி செய்யும் அறிவிப்பை ஒட்டினார்கள். மனைவி அதை வாசித்துவிட்டு, "பின்பக்கம் என்ன எழுதினீங்க?" என்று கேட்டாள். சொன்னார். "சரி, எங்க அக்கா வீட்டு மாடில ஒரு ரூம் இருக்கு. கேட்டுப் பாக்குறேன்," என்றாள்.

நிர்வாகம் எதிர்பாராதது ஒன்று உண்டு. நிறுவனத்தில் எந்தக் காகிதத்தையும் கிழிக்கக் கூடாது என்பது விதி. விசாரணைக் கோப்பில் சேர்ந்த எதையும் தொடர்புடைய எல்லா அறிக்கைகளுடனும் இணைக்க வேண்டும் என்பது துணைவிதி. இயக்குநரின் கட்டுரை வெளிநாட்டு ஆய்விதழுக்குப் போனபோது, கோப்புப் பிரிவு தன் கடமையைச் செய்தது. கட்டுரை பதினொரு பக்கம். இணைப்புகள் இருநூற்று ஆறு பக்கம். யாரும் படிக்க மாட்டார்கள் என்பதற்காகவே இணைப்புகள். ஆனால் அந்த இதழின் மதிப்பீட்டாளர்களில் ஒருவர், பொழுதுபோகாதவரோ பொறுப்பானவரோ, தமிழ் தெரிந்த தன் மாணவியைக்கொண்டு அத்தனையையும் படித்துவிட்டார். பதினோராம் நாள் பதில் வந்தது. "ஆய்வு மிக முக்கியமானது. இணைப்பு 31-இன் பின்பக்கத்தின்படி, இவ்விடத்தைக் கண்டவரும், முதல் மாதிரியை எடுக்கச் செய்து வயது கணிக்க அனுப்பியவரும் வேறொருவர். அவர் பெயர் ஏன் ஆசிரியர் பட்டியலில் இல்லை? பதில் வரும்வரை கட்டுரை நிறுத்திவைக்கப்படுகிறது. நகல்: அமைச்சகத்துக்கு."

அமைச்சகம் என்ற சொல்லுக்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. நிர்வாக அதிகாரி நீண்ட விடுப்பில் போனார். இயக்குநர் சின்ன டாக்டரை அழைத்து, முதல் ஆசிரியராக அவள் பெயரும், கடைசியாகத் தன் பெயரும் இருக்கட்டும் என்றார். இளைஞர்களை ஊக்குவிப்பது எப்போதுமே தன் கொள்கை என்றும் சொன்னார். அவள் உட்காராமலே கேட்டாள்: "சார், வெட்டுற அறைக்கு அண்ணன் எப்ப திரும்பி வருவாரு?" அவளுடைய கையெழுத்து இல்லாமல் கட்டுரை போகாது என்பது இயக்குநருக்குத் தெரியும். திங்கட்கிழமை ஆணை வந்தது. கதவில் ஒட்டிய அறிவிப்பை மகள் தண்ணீர் தொட்டுச் சுரண்டி எடுத்தாள்.

கட்டுரை வெளியான வாரம், ஒரு சனிக்கிழமை பிற்பகல், சீவல்காரரின் மனைவி வெட்டும் அறைக்கு வந்தாள். அத்தனை வருடத்தில் அதுதான் முதல் முறை. "என்னதான் இருக்கு அந்தக் கல்லுல, காட்டுங்க பாக்கலாம்," என்றாள்.

அவர் அ-47-இன் சீவலை நுண்ணோக்கியில் வைத்து, வெளிச்சத்தை வடிகட்டும் இரண்டு ஒளித்தகடுகளைக் குறுக்காகத் திருப்பி, அவளை ஸ்டூலில் உட்கார வைத்தார். அவள் ஒரு கண்ணை மூடிக் குனிந்தாள்.

"அம்மாடி! மஞ்சளு, நீலம், ஊதான்னு கோலமா மின்னுது." பிறகு கொஞ்சம் நிறுத்தி, "நடுவுல ஒண்ணே ஒண்ணு மட்டும் கருகருன்னு இருக்கே. இதுல ஏதோ அழுக்கு பட்டிருக்குங்க."

"அழுக்கு இல்ல. இந்தத் தகடு வழியாப் பார்த்தா செம்மணி கறுப்பாத்தான் தெரியும், கல்ல எப்படித் திருப்பினாலும் அது அப்படித்தான் நிக்கும். அதுதான் கார்னெட்."

"இந்தப் பொட்டுக்கா இத்தனை பாடு?"

"இதுக்குத்தான்."

அவள் கண்ணை எடுக்கவில்லை. சீவல் இருந்த வட்டத் தட்டை மெல்ல ஒரு சுற்றுத் திருப்பினாள். மற்ற நிறங்கள் எல்லாம் மாறின.